அருங்காட்சியகம் வேண்டும் என்கிறீர்களே, பதிவேடு எங்கே?



ஆண்டுக்கொரு முறையேனும் நம் சமூகக் கூட்டங்களில் ஒரு முழக்கம் எழுகின்றது. "மலேசியத் தமிழர்க்கென ஒரு மாபெரும் அருங்காட்சியகம் வேண்டும்!" என்று மேடையில் ஒருவர் முழங்குகிறார். கைதட்டல் மண்டபத்தை அதிர வைக்கின்றது. இத்தனை இலட்சம் வெள்ளி, இத்தனை மாடி, நுழைவாயிலில் ஒரு கோபுரம், உள்ளே தொடுதிரைகள், பேசும் பொம்மைகள் என்று திட்டம் விரிகின்றது. மறுநாள் நாளேட்டில் செய்தியும் படமும் வருகின்றன. அதற்கடுத்த நாள் எல்லாரும் மறந்துவிடுகிறோம். அடுத்த ஆண்டு இன்னொரு மேடை, இன்னொரு முழக்கம்.

இந்த முழக்கத்தை நான் எதிர்க்கிறேன். எதிர்ப்பதற்காக என்னை இனப்பற்று அற்றவன் என்று யாரேனும் சொல்வாராயின் சொல்லிக்கொள்ளட்டும். அருங்காட்சியகம் வேண்டா என்பதன்று என் வாதம். நாளைய காலத்தை எண்ணிப் பாராத அருங்காட்சியகம் வேண்டா என்பதே என் வாதம். கட்டடத்தை முதலில் கட்டிவிட்டு, அதற்குள் எதை வைப்பது என்று பிறகு தேடுகின்ற நம் பழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. அருங்காட்சியகம் என்றால் என்ன? நம்மில் பெரும்பாலோர் கண்ணாடிப் பேழையும் அதன்மேல் விழும் விளக்கொளியுமே அருங்காட்சியகம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். மக்கள் பார்ப்பது அதன் முகப்பு மட்டுமே. உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் காட்சிக்கு வந்திருப்பது அவற்றின் உடைமையில் ஒரு சிறு பகுதிதான். மற்றவை சேமிப்பறையில் உறங்குகின்றன. அந்தச் சேமிப்பறையும், அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு எழுதி வைத்திருக்கும் பதிவேடும், அப்பொருள்களைப் பூஞ்சையும் கறையானும் தின்னாமல் காக்கும் பயிற்சி பெற்ற ஆள்களுமே அருங்காட்சியகத்தின் உயிர்நாடி. அண்டை நாடான சிங்கப்பூரைப் பாருங்கள். ஜூரோங்கில் மரபுடைமைப் பாதுகாப்பு நிலையம் ஒன்றை 2000ஆம் ஆண்டில் அமைத்தார்கள். அங்கே நாட்டின் சேகரங்கள் பாதுகாக்கப்படுகின்றன, பழுது பார்க்கப்படுகின்றன. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது 2015ஆம் ஆண்டு மே மாதத்தில். இந்த வரிசையைக் கவனியுங்கள். பொருளைக் காக்கும் இடம் முன்னே வந்தது. நம்மவர் வரலாற்றைக் காட்டும் இடம் பதினைந்து ஆண்டு கழித்து வந்தது. நாமோ காட்டும் இடத்துக்கு மட்டும் திட்டம் போடுகிறோம். காக்கும் இடத்தைப் பற்றி எந்த மேடையிலாவது ஒரு சொல் கேட்டதுண்டா?

நம் பள்ளிகளின் நிலையைச் சற்றே பார்ப்போம். பல தமிழ்ப்பள்ளிகளில் 'மரபு மூலை' என்றோ 'வரலாற்று மூலை' என்றோ ஒன்று உண்டு. அம்மி இருக்கும், ஆட்டுக்கல் இருக்கும், உலக்கை, முறம், குத்துவிளக்கு, பித்தளைச் சொம்பு இருக்கும். இவற்றுள் பாதி அண்மையில் கடையிலிருந்து வாங்கி வந்தவை. மதிப்பீட்டுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் துடைத்து வைக்கப்படும். போன பிறகு தூசு படியும். இது அருங்காட்சியகமா? தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் சமையலறையை இங்கே ஒரு மூலையில் ஒப்பனை செய்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். இந்த நாட்டிற்கு நம் முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் பட்ட பாட்டில் ஒரு துளியையும் அந்த அம்மிக்கல் சொல்லாது.

சொல்லக்கூடியவை எவை? பால்வெட்டுக் கத்தி. மங்கு. காண்டா வாளி. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப் பயன்பட்ட செக்ரோல் ஏடு. சம்பளச் சீட்டு. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அச்சடித்த அழைப்பிதழ். 1926ஆம் ஆண்டு முதல் 1973ஆம் ஆண்டு வரை கடலில் ஓடிய ரஜூலா கப்பலின் பயணச்சீட்டு. 1969ஆம் ஆண்டுக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது எத்தனையோ குடும்பங்களின் தலையெழுத்தையே மாற்றிய சிவப்பு அடையாள அட்டை. அந்த அட்டையினால் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்துபோன குடும்பங்கள் இன்றும் உள்ளன. இவை எந்த மூலையில் இருக்கின்றன? பாட்டியின் தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. பாட்டி போன மறுமாதம் அந்தப் பெட்டி குப்பைக்குப் போகின்றது. அம்மியைக் கடையில் வாங்கலாம். சிவப்பு அட்டையை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

பொருள் இருந்தாலும் போதாது. அதன் கதையும் உடன் இருக்க வேண்டும். 'பால் வெட்டும் கத்தி' என்று மட்டும் எழுதி ஒட்டினால் அது வெறும் இரும்புத் துண்டு. எந்தத் தோட்டம், யார் கையில் இருந்தது, எத்தனை மரம் வெட்டினார், யார் எந்த நாளில் கொடுத்தார், என்ன நிபந்தனையோடு கொடுத்தார் என்பவை ஓர் ஏட்டில் ஏறினால்தான் அது வரலாற்றுச் சான்று. அருங்காட்சியகத் துறையில் இந்தப் பதிவேட்டை முதற்கடமையாகக் கருதுகிறார்கள். ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், நல்ல கையெழுத்துடைய ஓர் ஆசிரியர் போதும். பத்து வெள்ளி செலவு. நம்மில் எத்தனை பள்ளிகளில் இது இருக்கின்றது?

தோட்டத்திலிருந்து நகர்ப்புறத்திற்கு இடம் பெயர்ந்த ஒரு பள்ளியை நான் அறிவேன். பெயர் வேண்டா. புதிய கட்டடத்திற்கு நாற்காலி, மேசை, தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் கணக்கெடுத்து ஏற்றப்பட்டன. பழைய சேர்க்கைப் பதிவேடுகளும் பள்ளி நாட்குறிப்பேடுகளும் 'கறையான் அரித்தவை' என்று சொல்லிப் பழைய கட்டடத்தின் பின்புறம் கொளுத்தப்பட்டன. அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தந்தையின் தொழில், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, எப்பொழுது, ஏன் பள்ளியை விட்டு நின்றது என்பதெல்லாம் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது எத்தனை பிள்ளைகள் ஒரே மாதத்தில் நின்றார்கள் என்பதை எந்த வரலாற்று நூலும் சொல்லாது. அந்த ஏடு சொல்லியிருக்கும். நாற்காலிக்கு இருந்த மதிப்பு அதற்கு இல்லாமற் போயிற்று. 1816ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்விக்கு 2016ஆம் ஆண்டில் இருநூற்றாண்டு விழா எடுத்தோம், நாடெங்கும் பேசினோம், மலர்கள் வெளியிட்டோம். விழா எடுத்த அதே கைகள்தாம் ஏடுகளையும் கொளுத்துகின்றன.

சரி, எதிர்காலத்திற்கு வருவோம். "காலம் மாறிவிட்டது, எல்லாவற்றையும் மின்வடிவில் ஆக்கிவிட்டால் முடிந்தது" என்று இளைய ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். தொடுதிரையும் மெய்நிகர் உலாவும் வந்துவிட்டால் எதிர்காலம் கைக்குள் வந்துவிட்டதாம். இந்த மயக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது.

கணினியில் தமிழைப் புழங்கவிட்ட பெருமையில் மலேசியாவுக்குப் பெரும்பங்கு உண்டு. முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கியது 1985ஆம் ஆண்டில். அந்தக் காலத்திலிருந்து 2000ஆம் ஆண்டுகளின் இடைப்பகுதி வரை நாம் எத்தனை தேர்வுத்தாள்கள், ஆண்டு மலர்கள், நாடகப் பனுவல்கள், கட்டுரைகள் தட்டச்சு செய்திருப்போம்! ஒருங்குறி பரவலாகப் புழக்கத்திற்கு வருமுன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். இன்று அந்தக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். முதலில் திறப்பதற்கே வழியில்லை. நெகிழ்வட்டுச் செருகும் கணினி எங்கே இருக்கின்றது? எப்படியோ திறந்தாலும் திரையில் தெரிவது வெறும் பூச்சி எழுத்து. மாற்றிகள் உள்ளன, உண்மைதான். ஆனால் எந்த எழுத்துரு என்று தெரிந்தால்தானே மாற்ற முடியும்? அந்த ஒரு வரியை யாரும் எங்கும் குறித்து வைக்கவில்லை. அதே ஆண்டுகளில் தாளில் அச்சடித்த பள்ளி மலர் இன்றும் கையில் எடுத்தால் படிக்கக் கூடியதாக இருக்கின்றது. இருபது ஆண்டுக்குள் மின்வடிவம் மடிந்துவிட்டது, தாள் பிழைத்துக்கொண்டது!

இது நம் தமிழுக்கு மட்டும் வந்த கேடன்று. ஜியோசிட்டிஸ் தளத்தில் உலகெங்கும் பொதுமக்கள் தம் ஊர் வரலாறு, குடும்ப வரலாறு என்று கட்டி வைத்திருந்த பக்கங்கள் 2009ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டன. ஃபிளாஷ் மென்பொருளுக்கு 2020ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியோடு அதன் நிறுவனமே ஆதரவை நிறுத்திக்கொண்டது. அருங்காட்சியகங்களும் பள்ளிகளும் பெரும்பொருள் செலவிட்டு அந்த மென்பொருளில் ஆக்கிய விளையாட்டுகளும் ஊடாட்டத் திரைகளும் இயங்காமற் போயின. நாம் தொண்ணூறுகளில் வியந்து வாங்கிய கல்விக் குறுவட்டுகளும் அப்படித்தான். ஆகவே, திரை வைத்தால் அது எதிர்காலம் என்பது தவறு. ஒரு கூடத்தில் முதலில் பழசாகிப் போகும் பொருள் திரைதான்.

அப்படியானால் மின்வடிவம் வேண்டாவா? வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அதை ஒரு முறை செய்து முடித்துவிடும் வேலையாக எண்ணக் கூடாது. வீட்டில் நெல் வைத்திருப்பவர் அவ்வப்போது வெயிலில் காயவைத்து மீண்டும் கொட்டி வைப்பதில்லையா? அதுபோன்ற வேலை இது. ஒரு கோப்புக்கு மூன்று படிகள், இரு வேறு வகைக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் என்பது இத்துறையினர் வகுத்திருக்கும் எளிய விதி. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அவற்றைத் திறந்து பார்த்துப் புதிய வடிவிற்கு மாற்ற வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் சிறு தொகை ஒதுக்க வேண்டும். பெயர் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். நம் திட்டங்களில் திறப்பு விழாவுக்குப் பணம் உண்டு. ஐந்தாம் ஆண்டுக்குப் பணம் உண்டா?

மின்வடிவத்தை ஒழுங்காகச் செய்தால் என்ன விளையும் என்பதற்கும் சான்று அருகிலேயே உண்டு. சிங்கப்பூர் விடுதலையின் பொன்விழாவையொட்டி, 1965ஆம் ஆண்டு தொடங்கி ஐம்பது ஆண்டுகளில் அங்கு வெளிவந்த தமிழிலக்கிய நூல்களைச் சமூகத் தொண்டர்களும் தேசிய நூலக வாரியமும் கைகோத்து மின்வடிவாக்கினர். 2015ஆம் ஆண்டில் அது மக்கள் கைக்கு வந்தது. 'தமிழ் முரசு' நாளேட்டின் பழைய இதழ்களையும் அந்நூலக வாரியத்தின் தளத்தில் பார்க்கலாம். இங்கே 1924ஆம் ஆண்டில் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாளோடு நின்றது. ஏறத்தாழ தொண்ணூற்றைந்து ஆண்டுச் செய்தி! நின்ற நாளில் நாமெல்லாம் கண்ணீர் அஞ்சலி எழுதினோம். அதன் பழைய ஏடுகளைக் காக்க நாம் என்ன செய்தோம்?

"சிங்கப்பூரில் அரசு செய்கின்றது, நமக்கு யார் செய்வார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நானும் கேட்பதுண்டு. கோலாலம்பூரில் 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தில் நம் வரலாற்றுக்கு உரிய இடம் கிடைத்திருக்கின்றதா என்று கேட்க வரி கட்டும் குடிமக்களாகிய நமக்கு முழு உரிமை உண்டு; உரக்கக் கேட்க வேண்டும். இந்நாட்டின் இரப்பர்க் காடுகளையும் இரயில் பாதைகளையும் உண்டாக்கியவர்களின் கதை நாட்டின் கதை. ஓர் இனத்தின் ஓரக்கதை அன்று. ஆனால் கேட்கப் போகும்பொழுது கையில் சான்று வேண்டுமே! "எங்களிடம் இன்னின்ன பொருள்கள், இன்னின்ன குரல் பதிவுகள், இன்னின்ன ஆவணங்கள் உள்ளன, இவற்றுக்கு இடம் கொடுங்கள்" என்று சொல்ல முடிந்தால் மறுப்பது கடினம். வெறுங்கையோடு போய் இனமானம் பேசினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

வெறும் அறிவிப்பு எதையும் காக்காது என்பதற்குக் கடாரமே சான்று. பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிட்ச் வேல்ஸ் 1930ஆம் ஆண்டுகளில் அகழ்ந்து, ஒவ்வொரு கட்டுமானத்திற்கும் எண் கொடுத்து எழுதி வைத்தார். புக்கிட் பத்து பகாட் சண்டி 1960ஆம் ஆண்டுவாக்கில் மீட்டமைக்கப்பட்டது. மெர்போக்கில் 1980ஆம் ஆண்டில் அருங்காட்சியகமும் வந்தது. நாமும் பேருந்து பிடித்துப் போய், படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு, சோழன் பெருமை பேசிவிட்டு வந்தோம். ஆனால் 2013ஆம் ஆண்டில் 11ஆம் எண் சண்டி வீடமைப்புத் திட்டத்திற்காக இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதாகக் கருதப்பட்ட ஒன்று! அது தனியார் நிலத்தில் இருந்தது. மரபுடைமையாக அரசிதழில் ஏறியிருக்கவில்லை. 2005ஆம் ஆண்டிலேயே தேசிய மரபுடைமைச் சட்டம் வந்திருந்தும் பயனில்லை. இடித்த பிறகு எழுந்த கூக்குரலில் பாதி இடிக்கும் முன் எழுந்திருந்தால்? அந்த 11ஆம் எண் எங்கே இருந்தது என்று அதுவரை நம்மில் எத்தனை பேர்க்குத் தெரியும்? நாம் அழைத்துப் போனதெல்லாம் அருங்காட்சியகத்தின் வேலிக்குள் இருப்பவற்றைப் பார்க்கத்தான். வேலிக்கு வெளியே இருப்பவற்றை அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை நடந்துபோய்ப் பார்த்துவரும் ஒரு வகுப்பு இருந்திருந்தால் மண்வாரி இயந்திரம் வந்த முதல் நாளே செய்தி வெளியே வந்திருக்கும். வருங்கால அருங்காட்சியகம் தன் சுவருக்கு வெளியிலும் கண் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரிய கட்டடம் பாதுகாப்பு என்று நம்புவோர் பிரேசிலை நினைத்துப் பார்க்க. ரியோ டி ஜெனிரோ நகரின் தேசிய அருங்காட்சியகம் 1818ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது; ஏறத்தாழ இரண்டு கோடிப் பொருள்கள் அங்கிருந்தன. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் இரவில் அதன் பெரும்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. தீயணைப்பாளர்கள் வந்தபொழுது அருகிலிருந்த குழாய்களில் நீர் இல்லை. பேச ஆளில்லாமற் போன பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அந்தத் தீயில் போயின. மறுநாளே மாணவர் சிலர் பொதுமக்களைப் பார்த்து, "நீங்கள் அங்கே எடுத்த படங்களை அனுப்புங்கள்" என்று வேண்டினார்கள். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. பெரிய நிறுவனம் காக்கத் தவறியதைச் சுற்றுலா வந்தவர்களின் கைப்பேசிகள் ஓரளவேனும் வைத்திருந்தன. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை அறிந்த தமிழினத்திற்கு, எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்க் குவிக்காதீர் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நம் நாட்டில் தீயைவிட வெள்ளமே பெரிய பகை. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தான் மூழ்கியது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கார்கள் மிதந்தன. பருவநிலை மாறிவரும் இக்காலத்தில் 'இங்கே வெள்ளம் வராது' என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, பள்ளிகளில் பழைய ஏடுகள் எங்கே கிடக்கின்றன? தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், சிமெண்டுத் தரைமேல்! மேல்மாடிக்கு ஏற்ற ஒரு காசும் ஆகாது. நம் காற்றில் ஈரப்பதம் இயல்பாகவே எண்பது விழுக்காட்டை ஒட்டி நிற்கின்றது. அறுபத்தைந்துக்கு மேல் நீடித்தாலே பூஞ்சை பிடிக்கும். 'குளிரூட்டி வைத்துவிட்டோம்' என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். பகலில் போட்டு மாலையில் அணைத்துவிடும் குளிரூட்டியால் தாளும் மரமும் நாள்தோறும் சுருங்கி விரிகின்றன. அதைவிடக் காற்றோட்டமும் மின்விசிறியும் உள்ள அறை மேல். இன்னொன்று. பழைய சான்றிதழையும் நிழற்படத்தையும் 'லேமினேட்' செய்யாதீர்கள், ஐயா! சூட்டில் ஒட்டிய ஞெகிழியைப் பிறகு பிரிக்க இயலாது. ஒட்டுநாடாவும் அப்படியே, சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளையும் கெடுத்துவிடும். படத்தின் பின்னால் பேனாவால் எழுதாமல் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். ரோம் நகரிலுள்ள இக்ரோம் என்னும் அனைத்துலக நிறுவனம், சிறு அருங்காட்சியகங்கள் குறைந்த செலவில் தம் சேமிப்பறையைச் சீர்செய்வதற்கென்றே ஒரு முறையை வகுத்துத் தந்திருக்கின்றது. நம் அமைப்புகளில் யாராவது அதைப் படித்துப் பார்த்தார்களா?

2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் உலகின் அருங்காட்சியகங்களுள் ஏறத்தாழ 90 விழுக்காடு, அதாவது 85,000க்கு மேற்பட்டவை, மூடப்பட்டதாக யுனெஸ்கோ அறிவித்தது. ஆப்பிரிக்காவிலும் சிறு தீவு நாடுகளிலும் ஐந்து விழுக்காடு அருங்காட்சியகங்களே இணையம்வழி மக்களுக்கு எதையேனும் தர முடிந்ததாம். கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பதையே தொழிலாகக் கொண்டவை, கதவு மூடியதும் வாயடைத்துப் போயின.

இனி நம் தொழிலுக்கு வருகிறேன். அருங்காட்சியகச் சுற்றுலாவை நாம் எப்படி நடத்துகிறோம்? காலையில் பேருந்து, ஒன்பதரைக்கு அருங்காட்சியகம், நாற்பது மணித்துளிக்குள் நான்கு கூடங்கள், கையில் ஒரு பயிற்சித்தாள். பிள்ளைகள் பேழைக்குள் இருப்பதைப் பார்ப்பதில்லை. அதன்கீழ் எழுதியிருப்பதைத் தாளில் ஏற்றுகிறார்கள். பிறகு உணவு, பிறகு நீர்ப்பூங்கா. வீட்டிற்குப் போனதும் எது பிடித்தது என்று கேட்டால் நீர்ப்பூங்கா என்கின்றன. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. ஒரே ஒரு பொருளின் முன் அரைமணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள். இதை எதனால் செய்தார்கள், எங்கே தேய்ந்திருக்கின்றது, ஏன் அங்கே தேய்ந்தது, யார் கை பட்டிருக்கும் என்று கேட்கச் சொல்லுங்கள். தேய்ந்த பால்வெட்டுக் கத்தியின் கைப்பிடி ஒன்றைக் கொடுத்து நான்காம் ஆண்டு மாணவர்களோடு ஒரு முழுப் பாடவேளையை நான் நடத்தியிருக்கிறேன். அவர்களுள் ஒருவர்கூட இரப்பர்ப் பாலைக் கண்ணால் கண்டதில்லை. அதுதான் மாறிவிட்ட காலம். தோட்டம் என்றால் வீட்டின் முன்னுள்ள பூஞ்செடி என்று எண்ணும் தலைமுறை இப்போது நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றது. இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பெருமூச்சு விடுவதில் பயனில்லை. நாளைய அருங்காட்சியகத்திற்கு வரப்போகிறவர்கள் இவர்கள்தாம். அதை நடத்தப் போகிறவர்களும் இவர்களே.

பெற்றோர்க்கும் ஒரு சொல். அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்ல நேரமில்லை என்கிறீர்கள். சரி, வீட்டில் இருக்கும் அருங்காட்சியகத்தைத் திறந்து காட்டினீர்களா? இந்தியாவிலிருந்து தொழிலாளரை அனுப்புவது 1938ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. கங்காணி அழைத்துக் கப்பலேறி வந்த தலைமுறை போய்விட்டது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் வாயிலிருந்து நேரே கேட்கும் காலமும் கடந்துவிட்டது. தந்தை போய்த் திரும்பவில்லை என்று சொல்லக்கூடிய பிள்ளைகளே எண்பதைத் தாண்டியவர்கள். சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய 1979ஆம் ஆண்டிலேயே ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். நமக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு போயிற்று. இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒலிப்பதிவுக் கருவி உண்டு. அதற்குக் கைப்பேசி என்று பெயர். தாத்தாவை உட்கார வைத்து, பெயர், பிறந்த இடம், தோட்டம், லயத்தின் அமைப்பு, ஆயாக்கொட்டகை, கிராணியார், பசியாற என்ன கிடைத்தது, எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு வரை, தோட்டம் விற்கப்பட்டபோது என்ன கொடுத்தார்கள், எங்கே போனார்கள் என்று கேளுங்கள். பேரப்பிள்ளை கேட்கட்டும், நீங்கள் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்பார். பேரப்பிள்ளை கேட்டால் சொல்வார். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இதை யார் யார் கேட்கலாம் என்று அவரிடமே ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். சில குடும்பக் கதைகள் வெளியே போகக் கூடாதவை. அதையும் மதிக்க வேண்டும்.

இவ்வளவும் சிறு வேலைகள் என்று ஏளனம் செய்வோர் உண்டு. "நீங்கள் குறிப்பேடும் பென்சிலும் பேசுகிறீர்கள், நாங்கள் தேசிய அளவில் பேசுகிறோம்" என்று அமைப்பின் பொறுப்பாளர் ஒருவர் என்னிடமே சொன்னார். அனைத்துலக அருங்காட்சியக மன்றம் 2022ஆம் ஆண்டில் பிராக் நகரில் கூடி அருங்காட்சியகத்திற்குப் புதிய வரையறை வகுத்தது. அதில் சமூகத்தின் பங்கேற்பு என்னும் கருத்து இடம்பெற்றிருக்கின்றது. பங்கேற்பு என்றால் திறப்பு விழாவிற்கு வந்து நாற்காலியில் அமர்வதா? ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் உள்ளன. பள்ளிக்கு இருபது பொருள், பத்துக் குரல் பதிவு, ஒரு பதிவேடு என்று வைத்துக்கொண்டாலும் பத்தாயிரம் பொருள், ஐயாயிரம் குரல். இவ்வளவு சேகரம் உள்ள தமிழர் அருங்காட்சியகம் எங்கே இருக்கின்றது, சொல்லுங்கள்! அதுவும் ஒரே கூரையின் கீழன்று. பெர்லிசிலிருந்து ஜொகூர் வரை. ஒன்று வெள்ளத்தில் போனாலும் மற்றவை நிற்கும். அதன்பின் கட்டடம் கட்டுங்கள். முதல் ஆளாக வந்து மண் சுமக்கிறேன்.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் யாரேனும் மேடையேறி அருங்காட்சியக நிதிக்குக் கையேந்தினால், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் எழுந்து நின்று கேளுங்கள்: இதுவரை எத்தனை பொருள் சேர்த்திருக்கிறீர்கள், அவற்றின் பதிவேட்டை நாங்கள் பார்க்கலாமா? திறப்பு விழாவுக்குப் பிந்திய பத்து ஆண்டுக்குப் பராமரிப்புப் பணம் எங்கிருந்து வரும்? சேமிப்பறை எந்த மாடியில்? சேகரத்தைக் காக்கப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர், அவர்க்கு மாதச் சம்பளம் எவ்வளவு? அமைப்பு ஒரு நாள் கலைந்து போனால் அந்தப் பொருள்கள் யாரிடம் போய்ச் சேரும்? விடை எழுத்தில் வரட்டும். வந்த பிறகு பணப்பையைத் திறக்கலாம்.

அதற்குள், இந்தப் பள்ளி விடுமுறையிலேயே, மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் அந்தப் பழைய சேர்க்கைப் பதிவேட்டை மேலே எடுத்து வையுங்கள்.